ஒன்பது வண்டிக்கு ஒரே இருக்கை

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பதை ஆய்வு மைதானத்திலேயே பார்த்துக்கொண்டேன். சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் என் வேனுக்குச் சான்று கிடையாது என்று தள்ளிவிட்டீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மோட்டார் வாகன விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாத பக்கத்தை மறுபடி படித்து, கடைசி அட்டை வரை முடித்தவன். அதனால் உங்களிடம் மழுப்ப மாட்டேன். என் வேனில் தினமும் ஓடுவது பக்கவாட்டில் போட்ட நீள பெஞ்சு. அது விதிக்கு விரோதம். எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் ஒன்பது வேனிலும் அதே பெஞ்சுதான். வண்டியோடு வந்த இருக்கையைப் போட்டால் பாதிப் பேர்தான் உட்கார முடியும். அவர்கள் தருகிற காசு டீசலோடு முடிந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போகும்போது மட்டும் பழைய இருக்கை வேண்டும். மற்ற எட்டுப் பேரும் தங்களுடையதை என்றைக்கோ பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். நான் ஒருவன்தான் தார்ப்பாயில் சுற்றிப் பின்னறையில் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாடல் வண்டி, ஒரே போல்ட்டு. மைதானத்து மதிலுக்குப் பின்னால் ஒரு வண்டியிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டுவோம். என் வண்டி கடைசி. இருக்கை என்னுடையது என்பதால் என் வண்டியோடு வீடு திரும்ப வேண்டும். இது உங்களுக்கு முன்னால் இருந்த ஆய்வாளர்களுக்கும் தெரியும், அந்த மைதானத்தில் படுத்துக்கிடக்கும் நாய்க்கும் தெரியும்.

நீங்கள் எட்டு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். ஒன்பதாவதாக நான் வந்தபோது, இருக்கையின் முதுகில் சிகரெட் சுட்ட ஓட்டைக்குள் விரலை விட்டு, "இந்த சீட்டு இன்னைக்கு எத்தனை வண்டி ஏறி எறங்குச்சு?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் இருக்கையைக் கடன் வாங்கித் தப்பித்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்தத் தடிக் கண்ணாடிக்காரன், சோடாபுட்டி, ஸ்டாண்டு தொடங்கிய நாளிலிருந்து என் பக்கத்தில் வண்டி போடுகிறவன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தான்.

மாப்பிள்ளை, அந்த இருக்கை எட்டு வண்டியில் பொய். ஒரே ஒரு வண்டியில்தான் நிஜம். அந்த ஒன்றைத்தான் பொய் என்று எழுதினீர்கள்.

என்னைப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னை மட்டும் பிடித்ததற்குப் பதில் வேண்டும்.

உங்கள் மனைவியின் அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் பேசுகிறோம். நேரில் வந்தேன், நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அத்தை ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள். தெருவில் நின்று குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஓட்டையை ஐந்தாவது வண்டியிலேயே பார்த்தேன். ஆறாவதில் மறுபடியும் பார்த்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால், ஏற்கெனவே போட்ட கையெழுத்துகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எட்டு வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குள் மேலதிகாரி என் பின்னால் வந்து நின்றார். அடுத்த வண்டி உங்களுடையது. "இது உங்க மாமனார் வண்டிதானே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவர்கள் சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை, அது பொய். கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள். சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டு வைக்கும் சத்தத்தில் சொல்லிவிடுகிறாள். செவ்வாய்தோறும் குழந்தையின் காலுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் வண்டியில்தான் மருத்துவமனைக்குப் போவாள். இந்த வாரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். நான் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். அதை வாசலில் நிற்க வைத்துவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை மேலதிகாரி வெளியூர் போகிறார். காலையில் இருக்கையை மாட்டி வண்டியைக் கொண்டுவாருங்கள். மறு ஆய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் மருமகன்


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

ஊரைக் கூட்டி அறைந்தீர்கள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் தடவுகிறேன் என்கிறீர்கள். திங்கட்கிழமை நான் வரவில்லை. இனி எந்தத் திங்கட்கிழமையும் வர மாட்டேன்.

எட்டுக் கையெழுத்தையும் ரத்து செய்யுங்கள். அல்லது, அதே மைதானத்தில், அதே ஆட்களை நிற்க வைத்து, என் வண்டியின் இருக்கை என் வண்டியுடையதுதான் என்று வாயால் சொல்லிச் சான்று கொடுங்கள். எனக்குத் தெரிந்த நியாயம் இந்த இரண்டுதான்.

நம் ஊரில் மினிபஸ் விடுகிற பெரிய கம்பெனியின் வண்டியில் பயணியாக ஏறி டேப் வைத்து அளந்துவிட்டேன். முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் ஒரு சாண் இல்லை. இரண்டு வரிசை கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். கண்டக்டர் பையன், "என்ன பெருசு, சட்டைக்கு அளவா?" என்றான். உன் முதலாளிக்குக் கோவணத்துக்கு என்றேன். அந்த வண்டிகள் மைதானத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஆபீஸ்காரர்கள்தான் கம்பெனி ஷெட்டுக்குப் போகிறார்கள், பணக்காரன் வீட்டுக்கு டாக்டர் போகிற மாதிரி. எங்களுக்கு வெயிலில் வரிசை. அவர்களுக்கு நிழலில் நாற்காலி. இதைக் கேட்க உங்கள் மேலதிகாரிக்கு வாய் வராது. மாமனார் வண்டியைக் கேட்க மட்டும் வரும்.

நேற்று சோடாபுட்டி வந்தான். "அண்ணே, சொந்த மாப்பிள்ளையோட மல்லுக்கட்டி என்னத்தக் காணப் போறீங்க? சத்தமில்லாம போய்ட்டு வந்துருங்க" என்றான்.

"நீ எதுக்குடா சிரிச்சே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

"சரி. எல்லாரும் அழும்போது நீயும் அழு" என்று சொல்லி அனுப்பினேன்.

இருக்கை பின்னறையில் இருக்கிறது. பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். இனி அது எந்த வண்டிக்கும் போகாது.

உங்கள் மனைவியின் அப்பா


மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

எட்டுச் சான்றையும் கம்பெனி வண்டிகளையும் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் மனு எழுதிக்கொண்டிருப்பதாக அத்தை சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள். ஒரு மாதத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "அப்பா எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, நீங்க எதாவது பண்ணுங்க" என்றாள்.

மாமா, யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். பெஞ்சு போடுவதை விதி தடுக்கவில்லை. அனுமதி வாங்காமல் போடுவதைத்தான் தடுக்கிறது. நீங்களும் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பீர்கள். வரைபடம் கொடுக்க வேண்டும், பெஞ்சின் பலத்தைச் சோதித்துக் காட்ட வேண்டும். ஒரு வேன்காரரால் அது முடியாது, கம்பெனியால் முடியும். ஆனால் ஒன்பது வண்டியும் ஒரே மாடல். ஒன்பது பேர் சேர்ந்து ஒரே வரைபடம் கொடுக்க இடமிருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் கொடுத்ததுமில்லை.

அந்த வரைபடத்தை நானே போட்டுவிட்டேன். அடுப்படி மேசையில் உட்கார்ந்து, அழித்து அழித்துப் போட்டேன். முதுகுச் சாய்வு வைத்த பெஞ்சு, இடுப்புக்கு வார், வயதானவர்கள் ஏற ஒரு படி. கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் நல்ல மனதோடு பார்க்கிறார். மழைக்காலத்துக்குள் முடியும் என்கிறார். வந்துவிட்டால் உங்கள் ஒன்பது பேரும் யாருக்கும் பயப்படாமல் ஓட்டலாம். மதிலுக்குப் பின்னால் ஸ்பானரோடு குந்த வேண்டாம்.

ஆனால் அதுவரைக்கும் அந்த வண்டிகள் ஒழுங்காக ஓடுகின்றன என்று தாளில் இருக்க வேண்டும். யாராவது வந்து பிடித்தால் கோப்பை மூடிவிடுவார்கள். விதியை மீறியவர்களுக்கா சலுகை என்று கேட்பார்கள்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. நான் செய்ததற்கு உங்கள் காலில் விழச் சொன்னால் விழுகிறேன், மைதானத்திலேயே விழுகிறேன். மனுவை மட்டும் மழைக்காலம் வரை வைத்திருங்கள்.

உங்கள் மருமகன்


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மனு போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கடிதத்தைப் படித்தேன். அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. கடிதத்தை மடித்து வைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய் மனுவைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

மழைக்காலத்தில் வருகிற நியாயத்தை மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் வண்டி இப்போது நிற்கிறது. மற்ற எட்டும் என் கண் முன்னால் ஓடுகின்றன. ஸ்டாண்டில் என் இடத்தில் சோடாபுட்டி தன் டயரைக் காய வைத்திருக்கிறான்.

காலில் விழ வேண்டாம். சட்டை கசங்கும்.

உங்கள் மனைவியின் அப்பா


ஏப்ரல் 11

மாமாவுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்குமா என்று யோசித்துப் பார்த்து எழுதுகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து சந்தை நாளில் வந்தார்கள். எட்டு வண்டியிலும் ஆள் ஏறியிருந்தது. கூடை, மூட்டை எல்லாவற்றோடும் இறக்கிவிட்டார்கள். இழுவை வண்டி ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்கள், அதனால் சாயங்காலம் வரை ஒவ்வொன்றாக இழுத்துப் போனார்கள். கடைசி வண்டிக்காரர் தன் முறை வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அது எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

எட்டுச் சான்றிலும் என் கையெழுத்து. அன்று மாலையே பணியிடை நீக்க உத்தரவைக் கொடுத்துவிட்டார்கள். மேலதிகாரிதான் கையில் கொடுத்தார். மாமனார் வண்டியைத் தள்ளிய நேர்மையைப் பற்றி விசாரணையில் சொல்வதாகச் சொன்னார். அரசு வீட்டைக் காலி செய்துவிட்டோம். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மாடி அறை.

கம்பெனி ஷெட்டுக்கும் போனார்களா என்று கேட்பீர்கள். போனார்கள். நாற்காலி போட்டார்களாம். அளந்தார்கள், எழுதினார்கள், திருத்திக்கொள்ளக் கால அவகாசம் கொடுத்தார்கள். பெரிய நிறுவனம், வண்டியை நிறுத்தினால் மக்களுக்குச் சிரமம் என்று காரணம்.

உங்கள் ஸ்டாண்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். என் வரைபடம் மூடப்படவில்லை. கம்பெனி புதிதாக வாங்குகிற வேன்களுக்கு அதே பெஞ்சு, அதே வார், அதே படி என்று தன் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்கிறது. கோப்புக்குக் கால் உண்டு, எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. என் ரப்பர் அழித்த இடம்கூட அந்த நகலில் அப்படியே இருக்கிறதாம்.

அன்று காலையில் ஸ்டாண்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே செய்தி வந்து, இருக்கை கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் கொடுக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

மருமகன்


மே 20

மாப்பிள்ளைக்கு,

உண்மைதான். கேட்ட உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

சோடாபுட்டிதான் முதலில் வந்தான். ஓடி வந்ததில் கண்ணாடி எங்கேயோ விழுந்திருந்தது. வாசற்படி தெரியாமல் தடுக்கினான். "அண்ணே, சீட்டைக் குடுங்கண்ணே. ஒரு வண்டியாவது தப்பட்டும். யாரோடதுன்னு நாங்க சீட்டுக் குலுக்கிப் பாத்துக்குறோம்" என்றான். நான் கதவைத் திறந்தேன். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவன் கண்ணருகில் காட்டினேன். மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். உங்கள் அத்தை உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளும் என்னோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் இப்போது தட்டுதான் பேசுகிறது.

ஒன்பது பேரும் ஒரே தப்பு செய்தோம். ஒன்பது பேரும் பிடிபட்டோம். இதில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கம்பெனிக்கு அவகாசம் கொடுத்தது அநியாயம். அதற்கும் ஒரு மனு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. வரும் வரை எழுதுவேன்.

என் வண்டிக்கு எஃப்.சி. கிடைத்துவிட்டது. பெஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு, இருக்கையை நிரந்தரமாக மாட்டி, ஆட்கள் நடமாடும் நேரமாகப் பார்த்து மைதானத்துக்குக் கொண்டுபோனேன். உங்கள் இடத்துக்கு வந்திருப்பது ஒரு சின்னப் பெண். அந்த ஓட்டையைப் பார்த்தாள். "இதைத் தைச்சுருங்க, ஐயா" என்றாள். கையெழுத்துப் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாரும் இல்லை.

இந்த ஸ்டாண்டில் இன்று சட்டப்படி ஓடுகிற வேன் என்னுடையது ஒன்றுதான். சந்தையிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து சந்தைக்கும் நேரம் தவறாமல் போகிறேன். அதற்குள் அனுமதி வாங்கிவிட்ட கம்பெனியின் புது வேன்கள் எனக்கு முன்னும் பின்னும் போகின்றன. பெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, வரைந்தது உங்கள் கை. அதில் இடமில்லாதவர்கள்கூட என் வண்டியைப் பார்த்தால் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். சோடாபுட்டி அதில் கிளீனர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். இந்த வயதில் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவுகிறான். என் வண்டியைக் கடக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறான்.

காலி வண்டியையும் நான் நேரத்துக்குத்தான் எடுக்கிறேன்.

உங்கள் மனைவியின் அப்பா


ஜூலை 1

மாமாவுக்கு,

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேறு ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை கிளம்புகிறேன். வீடு பார்க்கும்வரை அவளும் குழந்தையும் இங்கேதான் இருப்பார்கள். விசாரணை முடிந்து பழைய வேலை கிடைக்கும் என்ற நினைப்பை விட்டுவிட்டேன். யார் மீது கோபப்படுவது என்பதையும் விட்டுவிட்டேன். சில நாள் உங்கள் மீது, சில நாள் அந்த ஐந்தாவது வண்டியில் வாயைத் திறக்காத என் மீது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தைக்குக் காலில் இப்போது இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். கனம். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து வரும்போது எங்கள் தண்ணீர்த் தொட்டித் தெருமுனையில் கம்பெனி வண்டிகள் நிற்பதில்லை, நிறுத்தம் பாலத்தருகில்தான். அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டும். சாலையெல்லாம் பள்ளம். மழையும் தொடங்கிவிட்டது. நீங்கள் அந்த வழியாகத்தானே வருகிறீர்கள். அவளைப் பார்த்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். தெருமுனையில் இறக்கிவிடுங்கள். பேச வேண்டாம். நான் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டாம்.

மருமகன்


ஜூலை 10

மாப்பிள்ளைக்கு,

உங்கள் புது விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது முறை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனை நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நல்ல மழை. கம்பெனி வேன் நிரம்பிப் போய்விட்டது. அவள் கூரைக்கடியில் குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றாள். நான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். வண்டி முழுக்கக் காலியாக இருந்தும் இருக்கையின் கடைக்கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். வேறு பயணி இல்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. காலின் இரும்புப் பட்டை இருக்கைக் கம்பியில் இடிக்கும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. பள்ளம் வந்த இடத்தில் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

தண்ணீர்த் தொட்டித் தெருமுனை வந்தது. "டிரைவர், இங்க நிறுத்துங்க" என்றாள்.

டிரைவர் என்றதில் தப்பில்லை. நான் டிரைவர்தான். அந்தத் தெருமுனையில் நாங்கள் ஒன்பது பேரும் வருடக்கணக்காக நிறுத்தியிருக்கிறோம், அதுவும் உண்மை. அப்போது பெஞ்சும் போட்டிருந்தோம். இப்போது நான் நிறுத்தம் என்று கம்பம் நட்ட இடத்தில் மட்டும்தான் நிறுத்துகிறேன். எவன் கை காட்டினாலும் நிறுத்துவதில்லை. போன வாரம் ஊன்றுகோல் ஊன்றிய ஒரு கிழவரையும் பாலத்தில்தான் இறக்கினேன். "இங்க நிறுத்தம் இல்லம்மா" என்றேன்.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். "அப்பா, கொழந்தை நனையும்" என்றாள்.

டிரைவர் என்றபோது நிறுத்தாதவன் அப்பா என்றதும் நிறுத்தினால் அதற்கு என்ன பெயர் என்று ஆய்வாளராக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தில் நிறுத்தினேன். படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையால் குழந்தையைப் பிடித்து இறங்கினாள். துண்டைக் குழந்தையின் காலில் சுற்றினாள், தலையில் அல்ல. இரும்பு துருப்பிடிக்கும் என்று நினைத்திருப்பாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். பக்கக் கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்ச தூரத்துக்கு மேல் தெரியவில்லை.

நான் சந்தை வரை போய், பயணி யாரும் ஏறாமலே திரும்பினேன். மழை விட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டித் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். சில இடத்தில் கம்பம் சாய்ந்து புதருக்குள் கிடக்கும், நமக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் இரண்டு பக்கமும் செடியை விலக்கி, காலால் தடவி, சாக்கடை ஓரம் வரை தேடிப் பார்த்தேன். இருட்டும் வரை பார்த்தேன்.

கம்பம் இல்லை.

உங்கள் மனைவியின் அப்பா